பின்னறைக்கு எந்தப் பிரேக்கர்

மார்ச் 4

அன்புள்ள மகனுக்கு,

ஆசிகள். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. உறையில் வீட்டு எண்ணை மறுபடியும் தவறாக எழுதியிருக்கிறாய். தபால்காரருக்கு என்னைத் தெரியும் என்பதால் வந்து சேர்ந்தது. அந்த மனிதர் ஓய்வு பெற்றுவிட்டால் உன் கடிதங்கள் யார் வீட்டுக்குப் போகுமோ தெரியாது.

ஜூன் மாதம் நீயும் உன் மனைவியும் ஆறு வாரம் வருகிறீர்கள் என்பதில் மகிழ்ச்சி. ஆறு வாரமும் விடுதியில் அறை எடுத்திருக்கிறீர்கள் என்பதை இரண்டு முறை படித்தேன். பழைய வீடு, வெயில் காலம், அவளுக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது, ஏசி போட்டால் அந்த வயரிங் தாங்காது என்று காரணங்கள் அடுக்கியிருக்கிறாய். சாக்குச் சொல்வதற்கும் ஒரு தரம் வேண்டும். வயரிங்தான் காரணம் என்றால் வயரிங்கைச் சரி செய்துவிடலாம்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். பின்னறைக்கு ஏசி. குளியலறைக்கு வெந்நீர் ஹீட்டர். சமையலறையில் அவள் பழகிய மின் அடுப்புக்கு ஒரு பாயிண்ட். மூன்றுக்கும் பிரேக்கர் பெட்டியிலிருந்து தனித்தனி லைன். ஏசி வந்துவிட்டது. அட்டைப் பெட்டியோடு கூடத்தில், சொல்லாமல் வந்த சம்பந்தியைப் போல உட்கார்ந்திருக்கிறது.

தொலைபேசியில் பேசியிருக்கலாமே என்பாய். தொலைபேசியில் நீ "ம்" என்று மட்டும் சொல்கிறாய். கடிதத்தில் அது முடியாது.

உன் அப்பா போனபோது வந்தாய். கூடத்தில் நின்றாய். படுக்க விடுதிக்குப் போய்விட்டாய். ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். உனக்கு ஏதோ அவசர அலுவல் என்றேன். நீ கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். சாவு வீட்டை விட்டுப் போகும்படி மூக்குக் கண்ணாடியில் என்ன அவசரம் என்று நல்ல வேளையாக யாரும் கேட்கவில்லை. எனக்கு எழுபத்தைந்து ஆகிறது. இன்னொரு முறை அப்படிச் சொல்ல என்னால் ஆகாது. என் மகன் என் வீட்டில் படுத்து எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

உன் மனைவிக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
அம்மா


மார்ச் 17

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை.

உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்க அம்மா உங்ககிட்ட கேள்வியே கேக்கல பாருங்க. பதிலையே கடையில வாங்கிட்டு வந்து ஹால்ல வச்சிட்டாங்க" என்றாள். அவளுக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது என்று நான் எழுதியதைக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்கு வேறு தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஏசி காரணமில்லை அம்மா. உங்களுக்கும் தெரியும். நாம் இருவரும் இதுவரை அதை எழுதியதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. பின்னறையில் விளக்கு சுவிட்ச் கெட்டுப்போய்க் கிடந்தது. அப்பா வேலையிலிருந்து வருவதற்குள் மாற்றிவைத்து அசத்தலாம் என்று நினைத்தேன். பிரேக்கர் பெட்டியைத் திறந்தேன். கதவில் ஒட்டியிருந்த பட்டியலில் பின்னறை எது என்று பார்த்தேன். அதை அணைத்தேன். சுவிட்சைக் கழற்றி வயரில் கை வைத்ததும் தூக்கி அடித்தது. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் விழுந்து வலது மணிக்கட்டு இரண்டாக முறிந்தது. நீங்கள் ஓடிப்போய் மெயினை இறக்கினீர்கள்.

அப்பா வந்தார். நேராகப் பெட்டிக்குப் போனார். பின்னறைப் பிரேக்கர் அணைக்கப்படாமல் மேலேதான் இருக்கிறது என்றார். நான் அணைத்தேன் என்றேன். "செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லாதே. கை முறிஞ்சா சேரும். பொய் சொல்ற பிள்ளையை வச்சு நான் என்ன பண்றது?" என்றார். நான் அணைத்தேன் என்று மறுபடியும் சொன்னேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் நல்ல பேச்சே கிடையாது. அடுத்த வருடம் கிளம்பிவிட்டேன். இருபத்துநான்கு வருடத்தில் அவர் அந்த வார்த்தையைத் திரும்பப் பெறவில்லை. நானும் இறங்கி வரவில்லை. பிறகு அவர் போய்விட்டார்.

அந்த அறையில் படுத்தால் அந்தக் குரல்தான் கேட்கும். அதனால்தான் விடுதி. உங்கள்மேல் வருத்தம் இல்லை.

வேலை நடக்கத்தான் போகிறது என்றால் ஒன்று மட்டும். பெட்டியில் எட்டு பிரேக்கர், எட்டும் நிரம்பியிருக்கும் என்று ஞாபகம். ஒரே பிரேக்கரில் இரண்டு வயரைச் சொருகி ஒப்பேற்ற விடாதீர்கள். பெரிய பெட்டியாக மாற்றச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்று திருத்தாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்


மார்ச் 30

அன்புள்ள மகனுக்கு,

ஆசிகள். இருமல் இருக்கிறது. அது என்னோடுதான் இருக்கும், விடு.

நீ எழுதியதைப் படித்தேன். உன் அப்பா கோபக்காரர்தான். ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லுகிறவர் அல்ல. நீயும் சின்ன வயதில் பொய் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக் கணக்குப் போட எனக்கு இன்றுவரை தெரியவில்லை. போட முடியாத கணக்கை மூடி வைத்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

எலக்ட்ரீஷியன் வந்துவிட்டார். பெண்! கடைக்காரர் "நல்ல கை" என்று சொல்லி அனுப்பியது இவளைத்தான். ஐம்பது வயது இருக்கும். மோட்டார் சைக்கிளில் வருகிறாள். மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறாள். நீ பார்த்தால் அழுதுவிடுவாய். அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்தேன். ஷூவோடு உள்ளே வந்தாள்.

"ஷூவை வெளியில கழட்டும்மா" என்றேன்.

"ரப்பர் ஷூ, டீச்சர். இதக் கழட்டிட்டு நான் கரண்டுல கை வச்சா, என் வீட்டுக்காரருக்கு நீங்க பதில் சொல்வீங்களா?"

நான் டீச்சர் இல்லை என்றேன். "பேச்சு டீச்சர் பேச்சுதான்" என்று சொல்லிவிட்டுப் பிரேக்கர் பெட்டியைத் திறந்துவிட்டாள். அன்றிலிருந்து நான் டீச்சர். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன்.

நீ சொன்னது சரி. எட்டும் நிரம்பியிருக்கிறது. அது போதாதென்று ஏழாம் பிரேக்கரில் இரண்டு வயர் சொருகியிருந்தது. வாசல் விளக்கு போட்டபோது உன் அப்பா செய்த வேலை. "பிளம்பருங்க பண்ற மாதிரி பண்ணியிருக்காரே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. தெருவிலிருந்து வரும் வயரை அளந்து பார்த்தாள். ஏசி, ஹீட்டர், அடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் எத்தனை ஆம்ப் இழுக்கும் என்று என் எதிரில் கூட்டிக் காட்டினாள். கூட்டலில் பிழை இல்லை. உள்ளே வரும் வயர் தாங்குமாம். பன்னிரண்டு பிரேக்கர் வைக்கிற பெட்டி போடப்போகிறாள். பழைய எட்டு, புதிய மூன்று, ஒன்று காலி. "காலியா ஏன்?" என்றேன். "நாளைக்கு உங்களுக்கு வேற எதாச்சும் தோணும்ல" என்றாள். கெட்டிக்காரி.

செவ்வாய்க்கிழமை ஒவ்வொரு லைனாகச் சோதித்துவிட்டுப் புதுப் பெட்டிக்கு மாற்றுகிறாள்.

அன்புடன்,
அம்மா


ஏப்ரல் 6

மகனுக்கு,

பெட்டி மாற்றியாகிவிட்டது. மூன்று லைனும் வேலை செய்கின்றன. மழை இல்லை. தபால் நிலையத்துக்குப் புதுக் கதவு போட்டிருக்கிறார்கள்.

அம்மா


ஏப்ரல் 18

அன்புள்ள அம்மாவுக்கு,

என்ன ஆயிற்று? உங்கள் கடிதம் என்றால் தாளின் இரண்டு பக்கமும் நிரம்பி, ஓரத்திலும் நாலு வரி ஏறியிருக்கும். இது நாலு வரிதான். "அன்புள்ள" இல்லை, ஆசி இல்லை. அந்த எலக்ட்ரீஷியன் அம்மாவுக்கு ஏதாவது அடிபட்டுவிட்டதா? உங்களுக்கா? மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். மூன்று முறையும் "எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். இந்த முறை "ம்" சொன்னது நீங்கள்தான்.

நான் அன்று எழுதியது உங்களைக் காயப்படுத்திவிட்டதா? அப்படியானால் அதையாவது சொல்லுங்கள். அவளும் கவலைப்படுகிறாள்.

உங்கள் மகன்


ஏப்ரல் 29

அன்புள்ள மகனுக்கு,

யாருக்கும் அடிபடவில்லை. இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. அடித்தல் திருத்தல் இருந்தாலும் இதையே அனுப்பிவிடுவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எலக்ட்ரீஷியன் வந்ததும் என் கையில் ரேடியோவைக் கொடுத்தாள். அறை அறையாகப் போய் ரேடியோவைச் சொருகி, சத்தமாக வைக்க வேண்டும். அவள் பெட்டியருகே நின்று பட்டியலைப் பார்த்து அந்த அறையின் பிரேக்கரை அணைப்பாள். ரேடியோ நின்றுவிட்டால் பட்டியல் சரி. அவர்கள் செய்கிற முறை அது.

பின்னறையில் ஆரம்பித்தோம். யாரோ ஒருவர் செடிகளுக்கு வரும் பூச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், பின்னறை. நாலாம் நம்பர். அணைச்சிட்டேன். நின்னுடுச்சா?"

"இல்லையே, பேசறாரே!"

"நல்லாக் கேளுங்க."

"காது எனக்கு நல்லாத்தான் இருக்கு. பூச்சி மருந்து எவ்வளவு கலக்கணும்னு சொல்றார்."

சமையலறையில் குளிர்பெட்டி நின்றுவிட்டது. பின்னறையில் மனிதர் பேசிக்கொண்டே இருந்தார். அவள் ஒவ்வொன்றாக இறக்கினாள். ஒன்றாம் நம்பரை இறக்கியபோதுதான் அவர் வாயை மூடினார். பிறகு எட்டையும் சோதித்தோம். பெட்டி முன்னால் நின்று அவள் கேட்டாள்: "இந்த லிஸ்ட்டை யாரு எழுதினது? எழுத்து முத்து முத்தா இருக்கு. ஒண்ணுகூடச் சரியில்ல."

நான் எழுதியது.

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகப் படி. உனக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பெட்டிக் கதவின் உட்புறம் உன் அப்பா பென்சிலால் கிறுக்கி வைத்திருந்தது கண்ணில் பட்டது. முதலில் பின்னறை, அடுத்து மோட்டார், பிறகு வரவேற்பறை, பிறகு சமையலறை என்று தலைகால் இல்லாமல். எங்கள் கான்வென்ட்டில் அப்படி எழுதிக் கொடுத்தால் சிஸ்டர் நோட்டைத் தூக்கி எறிவார். ஒரு அட்டை எடுத்தேன். சிவப்பு மையால் கோடு போட்டேன். வாசலில் நுழைந்தால் எது முதலில் வருமோ அந்த வரிசையில் ஒழுங்காக எழுதி, பென்சில் எழுத்தின் மேலேயே ஒட்டிவிட்டேன். அந்த எண்கள் வெறும் வரிசை எண்கள் என்று நினைத்தேன். ஒவ்வொரு எண்ணும் ஒரு பிரேக்கர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன் அப்பா பார்த்துவிட்டு "அழகா இருக்கு" என்றார். அவர் அதைப் படித்தே இருக்க மாட்டார். அவருக்கு எந்தப் பிரேக்கர் எது என்று கைக்கே தெரியும். எனக்கு, தானாக விழுந்திருக்கிற பிரேக்கரை ஏற்றிவிடத்தான் தெரியும். இத்தனை வருடத்தில் அந்தப் பட்டியலை நம்பிப் பெட்டியைத் திறந்தவன் நீ ஒருவன்தான்.

என் பட்டியலில் பின்னறை நாலாவது. நீ நாலை அணைத்தாய். சரியாகத்தான் செய்தாய். பின்னறை ஒன்றாவது. உன் அப்பா ஒன்று மேலே இருப்பதைப் பார்த்தார். அவரும் சரியாகத்தான் பார்த்தார்.

இதோடு முடியவில்லை. நீ கூடத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பெட்டிக்கு முன்னால் நின்று அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "நாலாவது கீழ கிடக்கே. பதட்டத்துல நீ இதையும் சேத்து இறக்கிட்டியா?" எனக்கு நினைவில்லை. மெயினை இறக்கியது நினைவிருந்தது, அவ்வளவுதான். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த வார்த்தை வாயில் வராது. "ஆமா, நான்தான்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் உன்னைப் பொய்யன் என்றார்.

அந்த வீட்டில் அன்றைக்கு உண்மையல்லாததைச் சொன்னது ஒரே ஒருவர். அது நீயல்ல.

அவள் கத்தியால் என் அட்டையைப் பெயர்த்தாள். கீழே அவருடைய பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் கொண்டுவந்தாள். "லிஸ்ட்டு தப்பா இருந்தா இப்போ என்ன டீச்சர், மாத்திக்கலாம். இதுக்குப் போயி அழுவாங்களா?" என்றாள். வெளியாள் முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை. புதுப் பட்டியலை நானே எழுத வேண்டும் என்று அடம்பிடித்தாள். "ஆனா நான் சொல்றத மட்டும் எழுதுங்க" என்றாள். எழுதினேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதி எனக்குப் பழக்கமில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் நான்கு தாளைக் கிழித்தேன். என்னை மன்னித்துவிடு. நீ விடுதியிலேயே தங்கலாம். காரணம் கேட்டால் இனி நான் உண்மையைச் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா


மே 21

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. உடனே பதில் எழுதாதது தப்பு. எழுதியிருந்தால் அதைவிடப் பெரிய தப்பாகியிருக்கும்.

கடையில் வைத்துத்தான் பிரித்தேன். பூச்சி மருந்து இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். கண் பரிசோதனைக்கு வந்திருந்த பெரியவர் எழுத்துப் பலகையைத் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று பயந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவரை அனுப்பிவிட்டு மீதியைப் படித்தேன். பிறகு கடையை அடைத்துவிட்டேன்.

இரண்டு நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். பட்டியலுக்காக இல்லை. அதை யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். இல்லை, உங்களைத் தவிர யாரும் செய்திருக்க முடியாது, ஆனாலும் அதற்காகக் கோபம் வரவில்லை. "ஆமா, நான்தான்" என்றீர்களே, அதற்கு. இரண்டு நாளும் சமையலறையில் நின்று உங்களோடு சத்தமாகச் சண்டை போட்டேன். அவள் வேலைக்குப் போகிற வழியில் கதவருகே நின்று கேட்டுவிட்டு, "அத்தை இங்க இருந்திருந்தா உங்க இலக்கணத்தத் திருத்தியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதோடு என் சண்டை முடிந்துவிட்டது. மன்னிப்பு என்று நீங்கள் கேட்ட பிறகு நான் என்ன செய்ய? மன்னித்தாகிவிட்டது. இனி அதை எழுத வேண்டாம்.

ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் அணைத்தேன் என்று அப்பாவிடம் அவ்வளவு உறுதியாகச் சொன்னேனே, சில வருடம் கழித்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்பா பார்க்காததைச் சொல்ல மாட்டார். அப்படியானால் நான் கை வைக்கவே இல்லையோ? அணைத்ததாக நினைத்துக்கொண்டு அவரிடம் அத்தனை வருடம் முறைத்துக்கொண்டிருந்தேனோ? அவரிடம் போய்ச் சொல்ல நினைத்து, உறுதியில்லாததால் போகவில்லை. அவர் போன பிறகு அது இன்னும் மோசமாயிற்று. இரவு படுத்த பிறகு அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். திரும்பி வந்து படுத்துவிட்டு மறுபடியும் போவேன். ஒரு லென்ஸின் பவரை மூன்று முறை அளந்து பார்க்காமல் கொடுக்க மாட்டேன். கடையைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்காத நாளே கிடையாது. எனக்காக அவள் நிறுத்தத்தில் எத்தனை பேருந்தை விட்டிருக்கிறாள் என்று கணக்கில்லை. ஏன் என்று அவள் கேட்டதுண்டு. நான் சொன்னதில்லை. என் கண்ணையும் கையையும் நானே நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது?

நான் அணைத்துத்தான் இருந்தேன் அம்மா. அப்பா பார்த்ததும் சரிதான். இதை எத்தனை முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன் தெரியுமா? அவர் என்னை வேண்டுமென்று அவமானப்படுத்தவில்லை, நானும் அவரை ஏமாற்றவில்லை. அவர் இருந்து இதைக் கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் போகாது. ஆனால் இனி அவரை நினைத்தால் என்னால் நினைத்துக்கொண்டே இருக்க முடிகிறது; முன்பெல்லாம் அந்த வார்த்தை வந்ததும் வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

விடுதி அறையை நேற்று ரத்து செய்துவிட்டேன். ஜூன் ஏழாம் தேதி காலையில் வருகிறோம். பின்னறையிலேயே படுத்துக்கொள்கிறோம். டீச்சர் என்று கூப்பிடுகிற அந்த அம்மாவை ஒருநாள் வீட்டுக்கு அழையுங்கள். கழுத்தில் நூல் கட்டிய அந்தக் கண்ணாடிக்கு நான் நல்ல பிரேம் போட்டுத் தருகிறேன். ஷூவோடு வரட்டும்.

நேற்று மாலை கடையைப் பூட்டினேன். நிறுத்தத்தில் அவள் காத்திருந்தாள். பேருந்து வந்தது. "போய்ப் பாத்துட்டு வாங்க, அடுத்ததுல போகலாம்" என்றாள். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் கொஞ்ச நேரம் கீழேயே நின்றாள். நடத்துனர் அதட்டிய பிறகு ஏறினாள்.

அன்புடன்,
உங்கள் மகன்